நெகட்டிவ் யார் கையில்? 'ஐ லவ் லூசி' தொடரின் ஒரு முடிவும் அதன் விளைவுகளும்

1951-இல் அமெரிக்காவில் ஒளிபரப்பான டிவி நிகழ்ச்சிகளில் ஒன்றிரண்டைத் தேடிப் பிடித்துப் பாருங்கள். பெரும்பாலானவை சாம்பல் பூசிய மாதிரி இருக்கும். மூக்கு எங்கே முடிகிறது, கன்னம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. வெள்ளைச் சட்டை கண்ணைக் கூசும், கறுப்புக் கோட்டு பின்னணியோடு கரைந்துபோகும். அதே ஆண்டு அக்டோபர் 15-ஆம் தேதி தொடங்கிய 'ஐ லவ் லூசி'யைப் போட்டால் நிலைமை வேறு. நாயகி லூசில் பாலின் இமை மயிரைக்கூட எண்ணிவிடலாம். சாக்லேட் ஃபாக்டரி காட்சியை முதல்முறை ஃபோனில் பார்த்தபோது நான் சிரித்தேன். இரண்டாம் முறை பார்த்தபோதுதான் இந்தக் கேள்வி வந்தது. எழுபது வருஷத்துக்கு முந்தைய டிவி நிகழ்ச்சி எப்படி இவ்வளவு பளிச்சென்று இருக்கிறது?

பதில் ஒரு ஒப்பந்தத்தில் இருக்கிறது. தொடரின் நகைச்சுவையைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் அதன் கணக்கு வழக்கை எடுத்துக்கொள்கிறேன். நடிப்பும் அந்தக் கணக்கோடு பின்னிக்கிடப்பதால் அதுவும் கூடவே வரும்.

ஒரே வீட்டில் இருக்க ஆசைப்பட்ட தம்பதி

லூசில் பால் 1911-இல் நியூயார்க் மாநிலத்தின் ஜேம்ஸ்டவுனில் பிறந்தவர். முப்பதுகளின் நடுவிலிருந்து சில ஆண்டுகள் ஆர்கேஓ ஸ்டுடியோவில் ஒப்பந்த நடிகை. படங்களுக்குக் குறைவில்லை, முதல் வரிசை மட்டும் எட்டவில்லை. 'பி படங்களின் ராணி' என்று ஒரு பெயர் அவருக்கு உண்டு. பாராட்டா கிண்டலா என்று பிரித்துச் சொல்ல முடியாத பெயர்.

தேசி அர்னாஸ் கியூபாவின் சாந்தியாகோ நகரத்துக்காரர். அப்பா அந்த ஊர் மேயர். 1933 புரட்சியில் வீடும் சொத்தும் போய், மயாமிக்கு வந்து, பறவைக் கூண்டு சுத்தம் பண்ணும் வேலையெல்லாம் செய்து, பிறகு கொங்கா மேளம் அடித்துப் பிரபலமானவர். இருவரும் 1940-இல் ஆர்கேஓ படமொன்றில் சந்தித்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் கல்யாணம். தேசியைவிட லூசில் ஆறு வயது மூத்தவர் என்பதும் அன்றைக்குப் பேச்சுத்தான்.

கல்யாணம் நடந்ததே தவிர குடித்தனம் நடக்கவில்லை. தேசி இரவில் கச்சேரி முடித்துத் திரும்பும் நேரத்தில் லூசில் படப்பிடிப்புக்குக் கிளம்பிவிடுவார். மற்ற நாட்களில் தேசி தன் வாத்தியக் குழுவோடு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார். 1944-இல் விவாகரத்துக்கு மனுப் போட்டு, பிறகு மனம் மாறிச் சேர்ந்துகொண்டார்கள். பின்னால் வரும் ஒவ்வொரு பண முடிவிலும் இந்த வீட்டு நிலவரம் ஒளிந்திருக்கிறது. அதனால்தான் இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

1948-இல் சிபிஎஸ் என்ற அமெரிக்க ஒளிபரப்புக் கம்பெனியின் வானொலியில் 'மை ஃபேவரிட் ஹஸ்பண்ட்' என்ற நகைச்சுவைத் தொடரில் லூசில் நடிக்கத் தொடங்கினார். ஜெஸ் ஓபன்ஹைமர் தயாரிப்பாளரும் தலைமை எழுத்தாளரும் ஆனார். மேடலின் பியூ, பாப் கரோல் ஜூனியர் இருவரும் கூட எழுதினார்கள். வானொலி என்றாலும் எதிரே ஜனங்கள் உட்கார்ந்திருப்பார்கள். முதலில் லூசில் தாளைப் பார்த்துப் படித்துக்கொண்டிருந்தாராம். ஓபன்ஹைமர் அவருக்கு நகைச்சுவை நடிகர் ஜாக் பென்னியின் வானொலி நிகழ்ச்சிக்கு டிக்கெட் வாங்கிக் கொடுத்து, "போய்ப் பார்த்துவிட்டு வா" என்று அனுப்பினார். அப்புறம் லூசில் மைக்கின் முன்னால் முகத்தைக் கோணிக்கொண்டு, கைகாலை ஆட்டிக்கொண்டு நடிக்க ஆரம்பித்தார், சிரிப்பு அள்ளியது. வானொலி கேட்பவருக்கு முகம் தெரியாதே என்று கேட்கலாம். அரங்கில் சிரித்தவர்களின் சத்தம் தெரியுமே!

சிபிஎஸ் இதை டிவிக்குக் கொண்டுபோக விரும்பியது. லூசில் ஒரு நிபந்தனை போட்டார்: கணவனாக என் கணவனே நடிக்க வேண்டும். கம்பெனி தயங்கியது. கியூபா உச்சரிப்பில் ஆங்கிலம் பேசும் ஒருவருக்கு இந்தச் செந்தலை அமெரிக்கப் பெண் மனைவி என்றால் ஜனங்கள் நம்ப மாட்டார்கள் என்றார்கள். பத்து வருஷமாக அப்படித்தானே வாழ்கிறோம் என்றார் இவர். வாதம் எடுபடவில்லை. உடனே இருவரும் 1950-இல் தேசிலு என்று இருவர் பெயரையும் ஒட்டி ஒரு கம்பெனி ஆரம்பித்து, ஒரு மேடை நிகழ்ச்சியைத் தயாரித்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். பெபிட்டோ என்ற ஸ்பானியக் கோமாளிக் கலைஞர் அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். பெபிட்டோவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் திரும்ப வருவார். ஜனங்கள் நம்பினார்களா என்ற சந்தேகத்துக்குக் கைதட்டலே பதில் சொல்லிவிட்டது.

1951 மார்ச் 2, தேசியின் பிறந்தநாள். அன்று மாதிரி எபிசோடு பதிவானது. லூசில் அப்போது முதல் குழந்தையைச் சுமந்துகொண்டிருந்தார். ஓபன்ஹைமர் இதன் மூலக்கருவை எழுதி எழுத்தாளர் சங்கத்தில் ஒரு டாலர் கட்டிப் பதிவு செய்தார். கரு சின்னது: ஒரு லத்தீன் அமெரிக்க வாத்தியக் குழுத் தலைவர், அவர் மனைவி, இருவருக்கும் ஏகப்பட்ட பிரியம், சண்டை ஒன்றே ஒன்றுதான், அவளுக்கும் மேடை ஏற ஆசை. ஆறு வருஷ எபிசோடுகள் எல்லாம் இந்த ஒரு டாலருக்குள் அடக்கம்.

சிகரெட் கம்பெனி கேட்டது

அன்றைய அமெரிக்க டிவியில் நிகழ்ச்சிக்குப் பணம் கட்டுபவர் விளம்பரதாரர். 'ஐ லவ் லூசி'யை ஃபிலிப் மாரிஸ் சிகரெட் கம்பெனி எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொண்டதும் எழுந்த முதல் கேள்வி: எப்போது நியூயார்க் வரப் போகிறீர்கள்?

கேள்வியில் நியாயம் இருந்தது. டிவி வைத்திருந்தவர்களில் பெரும்பாலோர் கிழக்கிலும் நடுப்பகுதியிலும்தான் இருந்தார்கள். நிகழ்ச்சிகள் நியூயார்க்கிலிருந்து நேரடியாகப் போகும். மேற்குக் கரைக்கு அதை அனுப்ப ஒரே வழி கினெஸ்கோப். ஓடிக்கொண்டிருக்கும் டிவித் திரைக்கு முன்னால் ஃபிலிம் கேமராவை வைத்துப் பிடித்த பிரதி அது. நம் ஊரில் தியேட்டர் திரையைத் திருட்டுத்தனமாகப் பிடித்து விற்ற 'கேமரா பிரிண்ட்' பார்த்தவர்களுக்கு அதன் லட்சணம் புரியும். லூசிலும் தேசியும் கலிஃபோர்னியாவில் உட்கார்ந்து நேரடியாக நடித்தால் அந்த மங்கல் பிரதி நியூயார்க்குக்குப் போகும். சிகரெட் வாங்கும் கூட்டம் இருக்கிற இடத்துக்கு மட்டமான சரக்கை அனுப்பச் சிகரெட் கம்பெனி ஒத்துக்கொள்ளுமா?

தம்பதி ஊர் மாறத் தயாராக இல்லை. வீடு இங்கே, சினிமா வாய்ப்பு இங்கே, ஜூலையில் குழந்தை வேறு. ஒரே கூரையின் கீழ் இருக்கத்தானே இந்தத் தொடரே! தேசி சொன்ன வழி: ஃபிலிமில் எடுத்துவிடலாம். அப்படியானால் எந்த ஊருக்கும் ஒரே தரத்தில் பிரதி போகும்.

சரி, ஆனால் ஃபிலிம் விலை? ஒரு எபிசோடுக்குக் கூடுதலாக ஐயாயிரம் டாலர் ஆகும் என்று கணக்குப் போட்டார்கள். சிபிஎஸ் கொஞ்சம், ஃபிலிப் மாரிஸ் கொஞ்சம் என்று ஏற்றும் துண்டு விழுந்தது. மீதியை ஈடுகட்ட வாரச் சம்பளத்தில் ஆயிரம் டாலரைத் தம்பதி விட்டுக்கொடுத்தார்கள். பதிலுக்குத் தேசி கேட்டது, ஒளிபரப்பு முடிந்தபின் அந்தப் படங்களின் உரிமை தேசிலுவுக்கு வேண்டும் என்பது.

சிபிஎஸ் தலையாட்டியது. அன்றைய நிலையில் அதை மடத்தனம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஒளிபரப்பான டிவி நிகழ்ச்சி என்பது நேற்றைய செய்தித்தாள். பொட்டலம் மடிக்கத்தான் ஆகும். மறுபடி அதைக் காசு கொடுத்து யார் வாங்குவார்கள்? நம் சினிமாக்காரர்கள் 'நெகட்டிவ் ரைட்ஸ்' என்ற வார்த்தையைச் சொல்லும்போது ஒரு மரியாதை தொனிக்கும் பாருங்கள், அந்த மரியாதை அப்போது டிவித் தொழிலில் பிறக்கவேயில்லை.

இந்த ஒப்பந்தக் கதையைத் தேசி தன் சுயசரிதையில் தானே சாமர்த்தியமாக முடித்ததாக எழுதுகிறார். ஓபன்ஹைமர் எழுதிவைத்த நினைவுகள் பல இடங்களில் அதோடு ஒத்துப்போகவில்லை. உரிமையிலும் ஓபன்ஹைமருக்கு ஒரு பங்கு இருந்தது. 'நூறு சதம் தம்பதிக்கே' என்ற பிரபலமான வரி முழு உண்மை கிடையாது. ஆனால் படச்சுருள் சிபிஎஸ்ஸிடம் இல்லை என்பதில் சந்தேகமில்லை.

ஒரு வேடிக்கை. 1951 செப்டம்பரில், அதாவது தொடர் ஒளிபரப்பாகத் தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்னால், கரைக்குக் கரை டிவி இணைப்பு தயாராகிவிட்டது. சில மாதம் முன்பே அது வந்திருந்தால் ஹாலிவுட்டிலிருந்து நேரடியாகவே நியூயார்க்குக்கு அனுப்பியிருக்கலாம். ஃபிலிம் பேச்சே எழுந்திருக்காது. லூசியின் எபிசோடுகளும் சாம்பல் பூசிக்கொண்டிருக்கும்.

மூன்று கேமரா, முந்நூறு பேர்

ஃபிலிமில் எடுப்பது என்றால் சினிமா மாதிரி ஒரு ஷாட், வெட்டு, விளக்கை மாற்று, அடுத்த ஷாட் என்று போக வேண்டியதுதானே? அப்படி எடுத்தால் லூசில் செத்துப்போவார். வானொலியில் கற்ற பாடம் அதுதான். எதிரே ஜனங்கள் இல்லாவிட்டால் அவருக்கு நடிப்பே வராது. ஆக, நாடகம் மாதிரி தொடர்ச்சியாக நடிக்க வேண்டும், சினிமா மாதிரி ஃபிலிமில் பதிய வேண்டும், டிவி மாதிரி பல கோணம் வேண்டும். மூன்றையும் ஒரே மேடையில் கட்டியாக வேண்டும்.

இதற்காகத் தேசி பிடித்த ஆள் கார்ல் ஃபிராய்ண்ட். ஜெர்மனியில் 'மெட்ரோபோலிஸ்' படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். ஹாலிவுட்டில் 'தி குட் எர்த்'துக்காக ஆஸ்கர் வாங்கியவர். அறுபதை எட்டிய மனிதர், ஒளி அளக்கும் கருவிகள் தயாரிக்கும் சொந்தக் கம்பெனி வேறு. டிவி காமெடிக்கு அவர் வர எந்த அவசியமும் இல்லை. மூன்று கேமராவுக்கும் ஒரே நேரத்தில் விளக்கு வைக்க முடியாது என்றுதான் முதலில் சொன்னாராம். முடியாது என்ற வேலைதான் அவரை இழுத்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஒளிப்பதிவு தெரிந்தவர்களுக்குச் சிக்கல் உடனே புரியும். ஒரு முகத்துக்கு நேர் எதிரிலிருந்து அழகாக விழும் வெளிச்சம், பக்கவாட்டில் நிற்கும் கேமராவுக்குக் கன்னத்தில் குழி விழுந்த மாதிரி தெரியும். தரையில் விளக்குக் கம்பம் நட்டால் கேமரா உருளும் பாதை மறியும். ஃபிராய்ண்ட் விளக்குகளை மேலே தூக்கிக் கட்டி, மேடை முழுக்கச் சீராகப் பரப்பினார். முகத்தில் விழும் நிழலைக் கரைக்கக் கேமராவிலேயே சின்ன விளக்கு வைத்தார். சுவர், மேஜை, திரைச்சீலை எல்லாம் சாம்பல் நிறத்தின் வெவ்வேறு அடுக்குகளில். பளீர் வெள்ளையும் அடர் கறுப்பும் கூடாது. நாம் கறுப்பு வெள்ளையில் பார்க்கும் லூசியின் வீடு நேரில் பார்த்தாலும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்திருக்கும்.

நடுக் கேமரா முழுக் காட்சியைப் பிடிக்கும், இரண்டு பக்கத்துக் கேமராக்கள் முகங்களைப் பிடிக்கும். மூன்றும் நிற்காமல் ஓடும். எடிட்டர் டான் கான் மூன்று சுருளையும் ஒரே நேரத்தில் ஓட்டிப் பார்க்கப் பல தலை வைத்த மூவியோலா என்ற எடிட்டிங் இயந்திரம் ஒன்று வந்தது; அதற்கு அங்கே வைத்த பெயர் 'ராட்சசன்'.

இந்த மூன்று கேமரா முறையைத் தேசிதான் கண்டுபிடித்தார் என்று எங்கே போனாலும் எழுதியிருக்கும். அது சரியில்லை. நாற்பதுகளின் கடைசியிலேயே ஜெர்ரி ஃபேர்பேங்க்ஸ் பல ஃபிலிம் கேமராக்களை வைத்து டிவிக்குப் படம் எடுத்திருக்கிறார். நகைச்சுவை நடிகர் க்ரூச்சோ மார்க்ஸின் கேள்வி பதில் நிகழ்ச்சியும் அப்படித்தான் எடுக்கப்பட்டது. தேசிலுவில் வேலை பார்த்த ஆல் சைமனுக்கு இந்த முறையில் முன் அனுபவம் உண்டு. தேசிலு புதிதாகச் செய்தது, முப்பத்தைந்து எம்எம் ஃபிலிமில், நிஜப் பார்வையாளர்கள் முன்னால், ஒரு முழு நாடகத்தை வாரா வாரம் இப்படி எடுப்பதை ஒரு தொழிற்சாலைப் பழக்கமாக்கியது. அதுவே போதுமான பெருமை. இல்லாததைச் சேர்க்க வேண்டாம்.

ஜெனரல் சர்வீஸ் ஸ்டுடியோவில் ஒரு தளத்தை எடுத்து, முந்நூறு பேர் உட்காரப் படி வரிசை போட்டார்கள். தீயணைப்பு விதிப்படி பொதுமக்கள் நேரே தெருவிலிருந்து வரவும் போகவும் வாசல் வேண்டும் என்பதால் சுவரை உடைத்து வழி வைத்தார்கள். ஜனங்களின் தலைக்கு மேலே மைக்குகள் தொங்கின. பதிவான சிரிப்பில் ஒரு குரல் அடிக்கடி தனியாகக் கேட்கும். லூசி ஏதோ வில்லங்கத்தில் கை வைக்கப் போகும் நொடியில், "போச்சு!" என்கிற தொனியில் பார்வையாளர் பக்கமிருந்து ஒரு பெண் பதறுவார். அது லூசிலின் அம்மா. மகள் மாட்டிக்கொள்ளப் போகிறாள் என்று வாரா வாரம் நிஜமாகவே பதறியிருக்கிறார்.

பக்கத்து வீட்டு மெர்ட்ஸ் தம்பதிக்கு விவியன் வான்ஸும் வில்லியம் ஃபிராலியும். விவியனை மேடையில் பார்த்து இழுத்து வந்தவர் முதல் வருஷ இயக்குநர் மார்க் டேனியல்ஸ். ஃபிராலிக்குக் குடிப் பழக்கம் என்று ஊரே எச்சரித்தது; தேசி நேரிலேயே கெடு வைத்து வேலை கொடுத்தார். விவியனுக்கும் ஃபிராலிக்கும் ஜென்மப் பகை. திரையில் பார்த்தால் நாற்பது வருஷம் குடித்தனம் நடத்திய சலிப்பு அச்சு அசலாக இருக்கும்.

சாக்லேட் பட்டை

1952 செப்டம்பர் 15 அன்று வந்த 'ஜாப் ஸ்விட்சிங்' எபிசோடை இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். முறையும் நடிப்பும் எப்படிக் கைகோத்தன என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

லூசியும் பக்கத்து வீட்டு எதெலும் (விவியன் வான்ஸ்) சாக்லேட் ஃபாக்டரியில் வேலைக்குச் சேர்கிறார்கள். நகரும் பட்டையில் வரும் சாக்லேட்டுகளைக் காகிதத்தில் சுற்ற வேண்டும். ஒன்று தவறினாலும் வேலை போய்விடும். முதலில் மெதுவாக வருகிறது. சுலபம்தானே என்று லூசி சொல்லி முடிப்பதற்குள் வேகம் கூடுகிறது. ஒன்றை வாயில் போடுகிறார், இன்னொன்றைத் தொப்பிக்குள், அப்புறம் சட்டைக்குள். மேற்பார்வைக்காரி வந்து பார்க்கிறாள்; பட்டை காலி; ஆஹா, நன்றாகச் செய்கிறீர்கள் என்று இன்னும் வேகமாக விடச் சொல்கிறாள்.

இது ஒரே மூச்சில் நடக்கிறது. நடுக் கேமராவில் இரண்டு பேரும் பட்டையும் தெரிகிறார்கள், பக்கக் கேமராவில் லூசிலின் கன்னம் உப்புகிறது. சினிமா பாணியில் துண்டு துண்டாக எடுத்திருந்தால் வாயில் இருக்கிற சாக்லேட்டைத் துப்பிவிட்டு அடுத்த ஷாட்டுக்குக் காத்திருக்க வேண்டும், அவஸ்தை போய்விடும். இங்கே அவஸ்தை கூடிக்கொண்டே போகிறது, முந்நூறு பேர் சிரிப்பும் கூடவே ஏறுகிறது, அந்தச் சிரிப்பின் அளவைப் பார்த்து லூசில் தன் வேகத்தை மாற்றுகிறார். இதே எபிசோடில் அவர் பக்கத்தில் சாக்லேட் முக்கும் பெண்மணி நிஜ வாழ்க்கையிலும் அதே வேலை பார்த்தவர். திரையில் லூசிக்கு அவர் விடும் அறை எதிர்பார்த்ததைவிட நிஜமாக விழுந்ததாக லூசில் பின்னாளில் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

இதெல்லாம் அந்த நேரத்து உற்சாகத்தில் வந்தது என்று நினைத்தால் தப்பு. உடல்மொழி நகைச்சுவையை எழுத்தாளர்கள் வரிக்கு வரி, பெரிய எழுத்துகளில் தட்டெழுதித் தருவார்கள். அந்தப் பகுதிகளுக்கு அவர்கள் வைத்த பெயர் 'கறுப்புச் சரக்கு'. பெண் உடம்பால் முடியுமா என்று மேடலின் பியூ தானே முதலில் செய்து பார்ப்பார்.

வசனத்திலும் ஒரு விதி இருந்தது. தேசி நடித்த கணவன் ரிக்கியின் ஆங்கில உச்சரிப்பைக் கிண்டல் பண்ணும் உரிமை லூசிக்கு மட்டும். வேறு யாராவது செய்தால் ஜனங்கள் சிரிப்பதில்லை என்று சீக்கிரமே கண்டுகொண்டார்கள். பெண்டாட்டி செய்தால் அது கொஞ்சல்.

பழைய எபிசோடுக்கு வந்த வாழ்வு

1952-இல் லூசில் மறுபடி கர்ப்பம். விளம்பர ஏஜென்சியும் சிபிஎஸ்ஸும் அலறின. நாற்காலிக்குப் பின்னால் மறைத்து நிற்க வைக்கலாமே என்றெல்லாம் யோசனை. கதையின் லூசி ரிக்கார்டோவும் பிள்ளை பெறட்டும் என்ற கதை யோசனை ஓபன்ஹைமருடையது. எதிர்ப்பு ஓயாததால் தேசி நேரே ஃபிலிப் மாரிஸ் தலைவர் ஆல்ஃபிரட் லயன்ஸுக்குக் கடிதம் எழுதினார். உங்களுக்கு முதலிடத்தில் இருக்கும் நிகழ்ச்சியைக் கொடுத்திருக்கிறோம், கதையில் இனி யார் சொல்வதைக் கேட்பது என்று நீங்களே சொல்லுங்கள் என்பது சாரம். எதிர்ப்பு சட்டென்று அடங்கியது. லயன்ஸ் தன் ஆட்களுக்கு அனுப்பிய குறிப்பு பின்னால்தான் தேசிக்குத் தெரிந்தது: அந்தக் கியூபாக்காரரிடம் வம்பு வைத்துக்கொள்ளாதீர்கள். அச்சில் போடக்கூடிய வார்த்தையாக நான் மாற்றியிருக்கிறேன்.

ஆனாலும் 'கர்ப்பம்' என்ற சொல் வசனத்தில் வரக்கூடாது. நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. 'முழுகாம இருக்கா', 'உண்டாயிருக்கா', 'மாசமா இருக்கா' என்று சுற்றி வளைத்துச் சொல்லியே பழகிய ஊர்தானே. அவர்கள் 'எதிர்பார்த்துக் கொண்டிருக்கிறாள்' என்றார்கள். எபிசோடின் பெயருக்கே பிரெஞ்சு வார்த்தையைத் தேடினார்கள். ஒரு பாதிரியார், ஒரு புராட்டஸ்டண்ட் போதகர், ஒரு யூத ரப்பி என மூன்று பேர் வசனத்தைப் படித்துப் பார்த்தார்கள்.

பிரசவ எபிசோடு நவம்பரில் பதிவாகி 1953 ஜனவரி 19 அன்று ஒளிபரப்பானது. அதே நாள் காலையில், முன்பே தேதி குறித்த சிசேரியனில், நிஜமாகவே மகன் பிறந்தான். கதையிலும் ஆண் என்று மாதங்களுக்கு முன்பே எழுதியிருந்தார்கள். சுமார் 4 கோடியே 40 லட்சம் பேர் பார்த்தார்கள். மறுநாள் நடந்த அதிபர் ஐசன்ஹோவரின் பதவியேற்பை டிவியில் பார்த்தவர்கள் சுமார் 2 கோடியே 90 லட்சம்.

எண்ணிக்கையைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். என் கணக்கில் பெரிய விஷயம் வேறு. பிரசவ ஓய்வில் புது எபிசோடு எடுக்க முடியாதபோது என்ன செய்வது? பழைய எபிசோடுகளுக்கு முன்னால் "அன்றைக்கு ஒருநாள்..." என்று நினைவுகூரும் சின்னக் காட்சியை ஒட்டி மறுபடி போட்டார்கள். ஜனங்கள் திரும்பவும் உட்கார்ந்து பார்த்தார்கள்! நேற்றைய செய்தித்தாளை மறுபடி வாங்கிப் படிக்கிறார்கள் என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தது. கினெஸ்கோப் மங்கலாக இருந்தால் இது நடந்திருக்காது. விட்டுக்கொடுத்த ஆயிரம் டாலருக்கு என்ன மதிப்பு என்று தேசிலுவுக்கே புரியத் தொடங்கியது இந்த ஓய்வுக்காலத்தில்தான் என்பது என் ஊகம்.

அதே 1953 பிப்ரவரியில் ஃபிலிப் மாரிஸ் 80 லட்சம் டாலருக்கு ஒப்பந்தத்தை நீட்டித்தது. செப்டம்பரில் எல்லாமே கவிழ இருந்தது. 1936-இல் சோஷலிஸ்டான தாத்தாவின் மனம் கோணாமலிருக்க லூசில் கம்யூனிஸ்ட் வாக்காளராகப் பதிவு செய்திருந்த விஷயம் வெளியே வந்தது. கம்யூனிஸ்ட் என்ற சந்தேகத்துக்கே எத்தனையோ பேர் வேலையை இழந்த காலம். நாடாளுமன்ற விசாரணைக் குழு அவரை விடுவித்தது. செப்டம்பர் 11 படப்பிடிப்பில் தேசி ஜனங்கள் முன்னால் வந்து, லூசியிடம் சிவப்பு என்றால் அவள் தலைமுடி மட்டும்தான், அதுவும் அசல் இல்லை என்றார். எழுந்து நின்று கைதட்டினார்கள். விளம்பரதாரர் விலகவில்லை. பிழைத்தது.

விற்றது

அரை மணி நேரத் தொடர் 1957 மே மாதம் முடிந்தது. ஆறு வருஷத்தில் நான்கு வருஷம் முதலிடம், முடியும்போதும் முதலிடம். அந்தக் காலகட்டத்தில் எபிசோடுகளின் உரிமையைத் தேசிலு சிபிஎஸ்ஸுக்கே விற்றது, 50 லட்சம் டாலரை ஒட்டிய விலைக்கு. ஆறு வருஷம் முன்பு சும்மா கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததைச் சிபிஎஸ் காசு கொடுத்துத் திரும்ப வாங்கியது. அந்தப் பண பலத்தில் 1957 இறுதியில் தேசிலு, தம்பதி சந்தித்துக்கொண்ட அதே ஆர்கேஓ ஸ்டுடியோவை 61 லட்சம் டாலர் சுமாருக்கு வாங்கியது. ஒப்பந்த நடிகையாகக் கைகட்டி நின்ற இடத்துக்கு முதலாளியாக லூசில் போனார்.

விற்றது தவறா? தவறு என்பவர்கள் கையில் வலுவான கணக்கு இருக்கிறது. சிபிஎஸ் அதைப் பல பத்தாண்டுகள் திரும்பத் திரும்பப் போட்டது. 2012 வாக்கில்கூட ஆண்டுக்கு 2 கோடி டாலர் சம்பாதித்துத் தருவதாகச் செய்தி வந்தது. ஆனால் எனக்குத் தேசியின் பக்கம் கொஞ்சம் சாய்வு உண்டு. அன்று யாருக்கும் ஐம்பது வருஷக் கணக்கு தெரியாது. தெரிந்தது கையில் வந்த பணமும், வாங்கக் கிடைத்த ஸ்டுடியோவும். அந்த ஸ்டுடியோ இல்லாவிட்டால் 1966-இல் 'ஸ்டார் ட்ரெக்', 'மிஷன்: இம்பாசிபிள்' இரண்டும் தேசிலுவிலிருந்து வந்திருக்காது. ஸ்டுடியோவைக் கட்டி மேய்ப்பதில் தேசியின் உடம்பும் குடியும் என்ன ஆயின என்பதுதான் எனக்கு உறுத்துகிற கேள்வி. மனைவியோடு ஒரே வீட்டில் இருக்க ஃபிலிமைத் தேர்ந்த மனிதர், ஃபிலிம் கொண்டுவந்த ஸ்டுடியோவிலேயே கிடந்தார்.

திரைக்குள்ளே ரிக்கி ஆறு வருஷமும் லூசி மேடை ஏறுவதைத் தடுத்துக்கொண்டே இருந்தான். சில எபிசோடுகளில் அவளைக் குழந்தையை அடிப்பதுபோல மடியில் போட்டு அடிக்கிறான், இன்று பார்க்கச் சங்கடமாக இருக்கிறது. திரைக்கு வெளியே அந்தப் பெண் 1962-இல் கணவரின் பங்குகளை வாங்கிக்கொண்டு கம்பெனிக்குத் தலைவரானார். 1967-இல் தேசிலு 1 கோடியே 70 லட்சம் டாலருக்குக் கை மாறியது.

அரை மணித் தொடருக்குப் பிறகு வந்த ஒரு மணி நேர எபிசோடுகளில் கடைசியானது 1960 மார்ச் 2 அன்று எடுக்கப்பட்டது. மறுபடியும் தேசியின் பிறந்தநாள். மாதிரி எபிசோடு எடுத்துச் சரியாக ஒன்பது வருஷம். மறுநாள் லூசில் விவாகரத்து மனுப் போட்டார்.

மாதிரி எபிசோடு என்ற பேச்சு வந்ததால் பெபிட்டோவுக்குத் திரும்புகிறேன். 1951-இல் எடுத்த அந்த எபிசோடில் அவரும் நடித்திருந்தார். அது ஒளிபரப்பாகவில்லை. ஃபிலிம் முடிவுக்கு முன்னால் எடுத்தது என்பதால் இருந்ததெல்லாம் கினெஸ்கோப் பிரதிதான். ஒன்றைத் தேசி பெபிட்டோவுக்கு நன்றியாகக் கொடுத்தார். மற்றவர்கள் தொலைத்துவிட்டார்கள். சுமார் நாற்பது வருஷம் கழித்து, பெபிட்டோ இறந்தபின், அவர் மனைவியிடம் அந்தச் சுருள் கிடைத்தது. 1990-இல் சிபிஎஸ் அதை ஒளிபரப்பியபோது தேசி இறந்து மூன்று வருஷம் தாண்டிவிட்டது, லூசில் இறந்து ஒரு வருஷம். அதை நான் பார்த்தேன். சாம்பல் பூசிய மாதிரி இருக்கிறது.